விரைவுக் காரும் இளைஞர் வருவாயும்

முல்லைத் திணைத் தலைவன் வினை முடித்து மீளும்போது, தேரை விரைந்து செலுத்துமாறு பாகனை ஏவுவான். அத்தேரின் அச்சு தேய்ந்தால் மாற்றும் செலவைப் பற்றி அவன் கவன்றதாக நாம் படித்ததில்லை. இக்காலத் தலைவனுக்கு அவ்வசதி இல்லை. தேரும் அவனுடையது, பாகனும் அவனே, அச்சின் செலவும் அவனைச் சார்ந்ததே.

முதல் ஊதியம் பெற்றவுடன் ஆற்றல் மிக்க கார் ஒன்றை விழையும் மாணவரை நாம் அறிவோம். விழைவில் குற்றம் காண்பது நம் நோக்கமன்று. ஷோரூமில் சொல்லப்படும் விலை, அக்காருக்காகக் கொடுக்க வேண்டியதில் ஒரு பகுதியே என்பதை எடுத்துரைப்பதே நோக்கம்.

பத்து இலட்ச ரூபாய்க் காருக்கு இரண்டு இலட்சத்தைக் கையிலிருந்து செலுத்தி, எஞ்சிய எட்டு இலட்சத்தை 9 விழுக்காடு வட்டியில் ஏழாண்டுக் கடனாகப் பெறுவதாகக் கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 12,870 ரூபாய். 84 தவணைகளில் செலுத்துவது 10,81,000 ரூபாய். இதில் 2,81,000 வட்டி. மூன்றாண்டு கழிந்த பின்னும் 5,17,000 ரூபாய் அசல் நிலுவையில் நிற்கும். காரின் மதிப்போ, வழக்கமான காப்பீட்டு அட்டவணைப்படி, மூன்றாம் ஆண்டு நிறைவில் 30 விழுக்காடும் ஐந்தாம் ஆண்டு நிறைவில் 50 விழுக்காடும் குறைந்துவிடுகிறது.

வட்டி நமக்கு விலக்கப்பட்டது. முராபஹா முறையில், நிதி தருவோர் காரைத் தாமே வாங்கி, தம் இலாபத்தை வெளிப்படையாகச் சேர்த்து, ஒரே விலைக்குத் தவணையில் விற்பர். காலம் தாழ்ந்தாலும் அவ்விலை ஏறுவதில்லை. பெயரை மட்டும் மாற்றிய ஒப்பந்தங்களும் உலவக்கூடுமாதலால், ஆலிம் ஒருவரிடம் காட்டிய பின்னர்க் கையொப்பமிடுதல் நன்று. சேமித்த பணத்தில், நான்காண்டு ஓடிய காரை வாங்குவதே நம் கருத்தில் மேலான வழி. மதிப்பிறக்கத்தின் பெரும்பகுதியை முன்னவர் சுமந்திருப்பார். ஆனால், அவர் உரிய காலத்தில் ஆயில் மாற்றினாரா என்பதற்குச் சர்வீஸ் பதிவேட்டைக் கேட்டுப் பெற வேண்டும்.

ஆயிலை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. இன்றைய சிறு விரைவுக் கார்களின் ஆற்றல் பெரும்பாலும் டர்போவிலிருந்து வருவது. எஞ்சினைவிட்டு வெளியேறும் சூடான புகையின் விசையால் சுழன்று, மிகுதியான காற்றை எஞ்சினுக்குள் அழுத்தும் சிறு சக்கரம் அது. நிமிடத்திற்கு இலட்சம் சுற்றுக்கு மேலும் சுழலவல்லது. அதன் தண்டைத் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலமே. ஆயில் கெட்டால் தண்டு தேயும். பின்னர் டர்போவையே மாற்ற நேரும். நெடுஞ்சாலையில் விரைந்து வந்தவுடன் எஞ்சினை அணைக்காது, ஓரிரு நிமிடம் மெல்ல ஓடவிடுதல் செலவில்லாப் பராமரிப்பு.

பிரேக்கின் கணக்கு இன்னும் கடுமையானது. வேகம் இருமடங்கானால், வண்டியை நிறுத்த ஒழிக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. பிரேக் பட்டைகள் தேய்வது அதனால்தான். பக்கம் குட்டையான டயர்களோ நம் சாலைப் பள்ளங்களுக்கு ஏற்றவை அல்ல; டயருடன் வளையமும் நெளிவதுண்டு. இவற்றுக்கெல்லாம் தவணையில் பாதிக்குக் குறையாத தொகையை மாதந்தோறும் ஒதுக்க இயலாதவர், சிறிய காரை நாடுவதே தகும் என்பது எம் கணிப்பு.

காப்பீட்டில் ஒரு வியப்பு உண்டு. மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் ஆற்றலைப் பாராமல் எஞ்சின் கொள்ளளவையே பார்க்கிறது. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி, 1000 சி.சி.க்கு மேற்படாத காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். 2021இல் அறிமுகமான ஹூண்டாய் ஐ20 என் லைன் 998 சி.சி. உடையதாதலால், 120 குதிரைத்திறன் இருந்தும் அவ்வரிசையிலேயே அடங்கிற்று. சொந்தச் சேதக் காப்பீடு அவ்வாறன்று. அது காரின் மதிப்பையொட்டி உயரும். எஞ்சினின் கணினி நிரலை மாற்றி ஆற்றலைக் கூட்டுவோர், உத்தரவாதத்தை இழப்பதோடு, விபத்துக் காலத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் மறுப்புக்கும் இடம் தருகின்றனர்.

வேகத்தை அறிய விரும்புவோர்க்கு இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் உண்டு. பொதுச்சாலையில் செல்லும் பிறர் உயிர் அங்குப் பணயமாவதில்லை. ஆனால் வழக்கமான கார்க் காப்பீட்டுப் பத்திரம் பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்கியே எழுதப்பட்டிருக்கும். அங்கு நேரும் சேதம் முழுதும் உரிமையாளர் பொறுப்பே.