தேயிலைச் செப்பு: பெயரும் பொருள்களும்

முன்னுரை

தேயிலையைப் பூட்டிவைத்துக் காத்த காலம் ஒன்று இருந்தது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் செல்வர் இல்லங்களில் தேயிலையை இட்டுவைக்கப் பயன்பட்ட, பூட்டும் சாவியும் உடைய சிறிய அலங்காரப் பெட்டிகள் இன்று அருங்காட்சியகங்களில் இடம்பெற்றுள்ளன. அவற்றின் பெயரையும் அவை செய்யப்பட்ட பொருள்களையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆங்கிலேயப் பண்பாட்டின் சின்னமாகக் கருதப்படும் இப்பெட்டி, பெயராலும் பொருளாலும் ஆசியாவுக்குக் கடன்பட்டது என்பதை நாம் இங்குக் காட்ட முற்படுகின்றோம்.

பெயர்

ஆங்கிலத்தில் இப்பெட்டி ‘கேடி’ எனப்படுகின்றது. இச்சொல், மலாய் மொழியில் ‘காத்தி’ என வழங்கும் நிறுத்தலளவையின் பெயரிலிருந்து பிறந்தது என்பர் அகராதியாளர். ஒரு காத்தி என்பது 16 தஹில். ஏறத்தாழ 605 கிராம். மெட்ரிக் முறை வருவதற்கு முன்னர் நம் சந்தைகளில் மீனும் காய்கறியும் காத்திக் கணக்கில் விற்கப்பட்டதை மூத்த ஆசிரியர்கள் நினைவுகூர்வர். கீழைக்கடல் வாணிகத்தில் தேயிலைக்கும் இவ்வளவை வழங்கியது. நாளடைவில் அளவையின் பெயர் தேயிலை வைக்கும் கலத்திற்கு ஆகிவந்தது. எடுத்தலளவை ஆகுபெயரை வகுப்பில் விளக்கும் ஆசிரியர்கள் இதனை ஒப்பிட்டுக் காட்டலாம்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவை. தமிழில் உள்ள ‘கட்டி’ என்னும் சொல்லின் ஒலியை மட்டும் கொண்டு இதற்குத் தமிழ்மூலம் கற்பிப்பது பொருந்தாது. ஒலியொப்புமை ஒன்றே சொற்பிறப்புக்குச் சான்றாகாது.

பூட்டின் தேவை

சீனத்திலிருந்து வந்த தேயிலையின் விலையும் அதன்மீது விதிக்கப்பட்ட வரியும் மிகுதியாக இருந்தமையே பூட்டிற்குக் காரணம். சாவி வீட்டுத் தலைவியிடம் இருக்கும். பணியாளர் கையில் தருவதில்லை. 1784ஆம் ஆண்டுச் சட்டம், ஏறத்தாழ 119 விழுக்காடாக இருந்த வரியை 12.5 விழுக்காடாகக் குறைத்தது. அதன்பின் தேயிலை பரவலாகி, பெட்டிகளும் பெருகின. பல பெட்டிகளில் பச்சைத் தேயிலைக்கு ஒன்றும் கறுப்புத் தேயிலைக்கு ஒன்றுமாக இரண்டு அறைகள் இருந்தன. சிலவற்றில் நடுவே ஒரு கண்ணாடிக் கிண்ணமும் உண்டு. அது தேயிலையைக் கலப்பதற்கா, சர்க்கரை வைப்பதற்கா என்பதில் கருத்து வேறுபாடு நிலவுகின்றது.

பொருள்கள்

தேயிலை ஈரத்தையும் பிற மணத்தையும் எளிதில் ஈர்க்கும் இயல்புடையது. ஆதலின் அறைகளின் உட்புறத்தில் ஈயமும் வெள்ளீயமும் கலந்த மெல்லிய தகட்டை ஒட்டினர். வெளிப்புறமோ அழகுக்குரியது. தொடக்கத்தில் சீனப் பீங்கான் குப்பிகளும் வெள்ளிக் கலங்களும் பயன்பட்டன. பின்னர் மரமே முதன்மை பெற்றது. மகாகனி மரப் பெட்டிகளை அடுத்து, 18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பொன்னிறமான முதிரை மரம் விரும்பப்பட்டது. இது இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வளர்வது. விலையுயர்ந்த மரத்தை மெல்லிய ஏடுகளாக அறுத்து, சாதாரண மரச்சட்டத்தின்மேல் ஒட்டுவதே தச்சர் கையாண்ட முறை. விளிம்புகளில் கருங்காலிக் கோடுகளைப் பதித்தனர்.

ஆமையோட்டுப் பெட்டிகள் மிகவும் மதிக்கப்பட்டன. அழுங்காமையின் ஓட்டுத் தகடுகளை வெந்நீரிலிட்டு இளக்கி, அழுத்தித் தட்டையாக்கி, மரத்தின்மேல் ஒட்டினர். அடியில் செவ்வண்ணம் தீட்டினால் அது தகட்டின் ஊடே ஒளிரும். வசதி குறைந்தோருக்குக் காகிதக்கூழால் செய்து அரக்கெண்ணெய் பூசிய பெட்டிகளும் இருந்தன.

இந்தியக் கைவினைக்குச் சிறந்த சான்று விசாகப்பட்டினத்துப் பெட்டிகளாகும். அங்குள்ள கைவினைஞர், சந்தனம் முதலான மரங்களின்மேல் தந்தத் தகடுகளைப் பொருத்தி, அவற்றில் பூக்கொடிகளைக் கீறி, கீறல்களில் கறுப்பு அரக்கை நிரப்பினர். வடிவம் ஆங்கிலேயருடையது, கையும் கலையும் இந்தியருடையவை. எனினும், செய்தவர் பெயர் பெரும்பாலும் பதிவாகவில்லை.

முடிவுரை

1867இல் இலங்கையில் தேயிலை வாணிக நோக்கில் பயிரிடப்படலாயிற்று. 1880களின் இறுதியில் இந்தியத் தேயிலை பிரிட்டனில் சீனத் தேயிலையை விஞ்சியது. விலை குறைந்தது, பூட்டிற்கான தேவையும் மறைந்தது. அந்தப் பூட்டைத் திறந்தவற்றுள் இலங்கைத் தோட்டங்களில் கொழுந்து பறித்த தமிழர் உழைப்பும் ஒன்று என்பதை நாம் மறத்தலாகாது.

இப்பொருள்கள் இன்று வேறொரு வினாவையும் எழுப்புகின்றன. அழுங்காமை அழிவின் விளிம்பில் உள்ளது. சிங்கப்பூர் 2021 செப்டம்பர் முதல் தந்த விற்பனையைத் தடைசெய்துள்ளது. பிரிட்டனின் தந்தச் சட்டம் 2022இல் நடைமுறைக்கு வந்தது. கலையைப் போற்றும்போது அதன் விலையையும் மாணவர்க்கு உணர்த்துதல் நம் கடமை.

‘கேடி’ என்னும் ஒலி தமிழ் வழக்கில் போக்கிரியைக் குறித்துவிட்டதால் அதனை அப்படியே ஆளுதல் குழப்பம் தரும். மூடியுடைய சிறுகலத்தைச் செப்பு என்பது நம் பழைய வழக்கு. எனவே ‘தேயிலைச் செப்பு’ என்னும் பெயரை நாம் ஆசிரியர்களின் கருத்துக்கு முன்வைக்கின்றோம்.