ஆளை மீட்டால் போதுமா? குடும்பமே மீள வேண்டாமா! திண்டிவனம் சொல்லும் பாடம்

திண்டிவனம் -

செங்கல் சூளையில் இருந்து ஒரு ஆளை மீட்கிறார்கள். அதிகாரி விடுதலைச் சான்றிதழ் கொடுக்கிறார். போட்டோ எடுக்கிறார்கள். ஜீப் கிளம்பிப் போய்விடுகிறது.

சரி, ராத்திரிக்கு உலையில் என்ன போடுவது?

குடும்பங்களுக்கு உதவக் கிளம்பும் எந்தச் சங்கமும் முதலில் பதில் தேட வேண்டிய கேள்வி இது. நல்ல மனசு மட்டும் இருந்தால் போதாது. முன்கூட்டியே போட்ட திட்டமும் வேண்டும்.

கடன் ஒருவருக்கு, உழைப்பு ஐந்து பேருக்கு!

விழுப்புரம் மாவட்டத்து இருளர்கள் பலருக்குச் சொந்த நிலம் கிடையாது. வயலில் எலி பிடிப்பார்கள், ஏரியில் மீன் பிடிப்பார்கள். செங்கல் சூளை, மரம் வெட்டு, கரும்பு வெட்டு என்று கூலிக்கும் போவார்கள்.

மேஸ்திரி வந்து அட்வான்ஸ் கொடுப்பது குடும்பத் தலைவன் கையில்தான். ஆனால் சூளைக்குப் போவது குடும்பமே! அப்பன் மண் மிதிப்பான். ஆத்தாள் கல் அறுப்பாள். பிள்ளைகள் காய்ந்த கல்லைத் திருப்பிப் போடும். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் பிள்ளையின் பெயர் இருக்கும். பெஞ்சில் பிள்ளை இருக்காது.

சங்கம் பிறந்தது எப்படி?

1993-ல் விழுப்புரம் அருகே அத்தியூரில் ஒரு இருளர் இளம்பெண், புதுச்சேரி போலீசார் தன்னைப் பாலியல் வன்கொடுமை செய்ததாகப் புகார் கொடுத்தார். அதற்கு நியாயம் கேட்டுப் போராடியவர்களில் திண்டிவனம் பேராசிரியர் பிரபா கல்விமணியும் ஒருவர். 1996-ல் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் உருவானது.

பொய்த் திருட்டு வழக்கு என்று ஆரம்பித்த வேலை அதோடு நிற்கவில்லை. கொத்தடிமை மீட்பு, சாதிச் சான்றிதழ், பட்டா, பிள்ளைகள் படிப்பு என்று நீண்டது. காரணம் சுலபம். ஒரு முடிச்சை இழுத்தால் அடுத்த முடிச்சும் சேர்ந்து வருகிறது!

ஒரு காகிதத்துக்கு இத்தனை அலைச்சல்!

பழங்குடியினர் சான்றிதழைத் தாசில்தார் கொடுக்க முடியாது. கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் கொடுக்க வேண்டும். மகனுக்குக் கேட்டால், 'அப்பா சான்றிதழ் எங்கே?' என்பார்கள். அப்பாவுக்கே கிடையாது! இடம் மாறி இடம் மாறிப் பிழைத்தவருக்குப் பிறப்புச் சான்று ஏது? அந்தக் காகிதம் இல்லாவிட்டால் பழங்குடி மாணவருக்கான உதவித்தொகையும் இல்லை, இடஒதுக்கீடும் இல்லை.

அதனால், பிள்ளைக்கு மட்டும் மனு எழுதிப் பயனில்லை. அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே மூச்சில் எழுத வேண்டும். குடும்பத்தை ஒரே கணக்காக எடுப்பது என்றால் இதுதான்.

பணம் வரும்... எப்போது?

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. மீட்கப்பட்டவருக்கு உடனடி உதவி 30 ஆயிரம் ரூபாய் வரை என்று 2022-ல் உயர்த்தினார்கள். மறுவாழ்வுத் தொகை ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் பிள்ளைக்கும் 2 லட்சம், மிகக் கொடுமையான நிலையில் இருந்தவருக்கு 3 லட்சம். ஆனால் பெரிய தொகையை வழக்கோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். வழக்கு இழுத்தால் பணமும் இழுக்கும். வயிறு காத்திருக்குமா?

'ஜெய் பீம்' படம் வெளியான 2021-ல், பழங்குடி இருளர் கல்வி அறக்கட்டளைக்காக நடிகர் சூர்யா 1 கோடி ரூபாய் காசோலை கொடுத்தார். பெரிய உதவி! ஆனாலும் எந்தக் கோடியும் ஒருநாள் கரையும். எந்த மாதம் எதற்குச் செலவு என்ற கணக்குதான் அதை நிற்க வைக்கும்.

மழை மாதமே முக்கியம்!

சூளை வேலை சூடு பிடிப்பது மழைக்குப் பிறகு. ஆனால் குடும்பம் கடனில் விழுவது மழைக்காலத்தில்! ஐப்பசி, கார்த்திகையில் கூலி வேலை இருக்காது. அடுப்பு எரியாது. அப்போது மேஸ்திரி நீட்டும் பணம் அமிர்தமாகத் தெரியும். கை நீட்டிவிட்டால் தையில் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

தீபாவளிச் சரக்கைத் தீபாவளி அன்றைக்கா கடைக்காரர் வாங்குகிறார்? அதே கணக்குதான் இங்கேயும். ஆடி, ஆவணியில் மனு வேலை. ஐப்பசிக்கு முன்பே அரிசியும், வட்டியில்லாக் கைமாற்றும் தயார். தையில் பிள்ளைக்கு விடுதியில் இடம். அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் ஊரிலேயே கை அறிந்த வேலை.

கை அறிந்த தொழில் கை கொடுக்கும் என்பதற்குச் சாட்சி வடநெம்மேலி. பாம்புத் தோல் வியாபாரம் தடைப்பட்டு இருளர்கள் தவித்தபோது, 1978-ல் அங்கே பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. தோலுக்குப் பதில் விஷம் எடுத்தார்கள். விஷமுறிவு மருந்துக்கு அது போனது. பாம்பு பிடிப்பதில் கை தேர்ந்த இருளர்கள் இருவருக்கு 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது!

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். சூளைக்குப் போகும் குடும்பத்துக்கோ ஐப்பசியிலேயே வழி பிறந்தாக வேண்டும்!