உடம்பு பெருக்கச் சோறு மட்டுமா காரணம்?

"சோத்தைக் கொறைங்க, நல்லா நடங்க." எடை கூடிப்போன தொழிலாளிக்குக் கிளினிக்கில் கிடைக்கும் முதல் மருந்து இதுதான். காலைப் பிரட்டு முடிந்ததிலிருந்து வெயில் சாயும் வரை செம்பனைக் காட்டில் நடந்து குலை வெட்டுகிறவரிடம் போய் நடக்கச் சொன்னால் அவர் என்ன செய்வார்? தலையை ஆட்டிவிட்டு வருவார். "திங்கிறது ஒரு தட்டு சோறுதாண்ணே, ஒடம்பு மட்டும் ஊதிக்கிட்டே போவுது" என்று நம்மிடம் குறைபட்டுக்கொள்கிறவர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிறார்கள். பொய் சொல்கிறார்கள், திருட்டுத்தனமாகத் தின்கிறார்கள் என்று வீட்டிலேயே கேலி செய்கிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. அதற்கு விஞ்ஞானத்தில் இடமிருக்கிறது என்பதையே இந்த வாரம் எழுதுகிறோம்.

கன்று நடுவதற்கு முன் நிலத்தில் அவரை இனக் கொடியைப் படர விடுகிறோமே, அது எதற்கு? அந்தக் கொடியின் வேர் முடிச்சில் குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலிருந்து சத்தை இழுத்து மண்ணுக்கு உரமாகக் கொடுக்கிறது. நம் வயிற்றுக்குள்ளும் அப்படி ஒரு குடியிருப்பு உண்டு. சராசரி மனிதனின் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-இல் கணக்கிட்டார்கள். மொத்த எடை சுமார் 200 கிராம்தான். பெரும்பகுதி பெருங்குடலில் இருக்கிறது. கிருமி என்றதும் பயப்பட வேண்டாம். பாலைத் தயிராக்குவதும் பாக்டீரியாதான். கீரை, பயறு, தவிடு இவற்றிலுள்ள நார்ச்சத்தை நம் குடலால் செரிக்க முடியாது. அதை இந்தப் பாக்டீரியாக்கள் புளிக்க வைத்துச் சிறுசிறு அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றில் ஒன்று குடலின் உட்சுவருக்கே உணவாகிறது. வேறு சில, "போதும், வயிறு நிறைந்தது" என்று மூளைக்குச் சொல்லும் சுரப்பிகளைத் தூண்டுகின்றன.

எலி சொன்ன சேதி

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி கார்டன் என்ற விஞ்ஞானியின் குழு, வயிற்றில் ஒரு பாக்டீரியாகூட இல்லாமல் எலிகளை வளர்த்தது. சாதாரண எலிகள் அவற்றைவிடக் குறைவாகத் தின்றும், உடம்பில் 42 விழுக்காடு அதிகக் கொழுப்போடு இருந்தன. பிறகு சாதாரண எலியின் குடல் பாக்டீரியாவை மற்றதற்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டே வாரத்தில் அதன் கொழுப்பு ஏறத்தாழ 60 விழுக்காடு கூடிவிட்டது. தீனி கூடவில்லை, குறையத்தான் செய்தது. இது 2004-இல் வெளிவந்தது.

2013-இல் அதே குழு செய்த இன்னொரு சோதனை நமக்கு இன்னும் நெருக்கமானது. ஒருவர் பருமன், மற்றவர் ஒல்லி என்றிருந்த இரட்டைச் சகோதரிகள் நான்கு ஜோடிகளைத் தேடிப் பிடித்தார்கள். அவர்களின் மலத்திலிருந்த பாக்டீரியாவை எலிகளுக்குள் செலுத்தினார்கள். (அருவருப்பாக இருக்கலாம், ஆனால் விஷயம் அங்கேதான் இருக்கிறது.) பருமனான சகோதரியின் பாக்டீரியாவைப் பெற்ற எலிக்குக் கொழுப்பு வைத்தது. ஒல்லியானவருடையதைப் பெற்ற எலி ஒல்லியாகவே நின்றது. இரண்டையும் ஒரே கூண்டில் விட்டார்கள். எலிகள் ஒன்றின் புழுக்கையை மற்றொன்று தின்னும். ஒல்லி எலியின் பாக்டீரியா பருமன் எலிக்குள் குடியேறி, அது கொழுக்காமல் காப்பாற்றியது.

ஆனால் ஒரு நிபந்தனை. காயும் பழமும் நிறைந்த, கொழுப்புக் குறைந்த தீனி போட்டபோதுதான் இது நடந்தது. கொழுப்பு மிகுந்து நார் குறைந்த தீனி போட்டதும் நல்ல பாக்டீரியாவுக்கு அங்கே இடமில்லை. குடியிருக்க வீடு கொடுத்து ரேஷன் கொடுக்காவிட்டால் யார்தான் தங்குவார்கள்?

மனிதர்களிடமும் ஒரு சாட்சி உண்டு. தாய்லாந்திலிருந்து அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த ஹ்மோங், கரென் மக்களை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். ஊர் மாறிய சில மாதங்களிலேயே, நார்ச்சத்தைச் செரிக்கும் பாக்டீரியா வகைகள் அவர்கள் குடலில் குறையத் தொடங்கியிருந்தன. அங்கேயே பிறந்த பிள்ளைகளிடம் இன்னும் குறைவு. பருமனானவர்களிடம் இழப்பு அதிகம்.

இதைப் படித்தபோது நமக்கு லயத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குப் போன நம் குடும்பங்கள்தான் நினைவுக்கு வந்தன. லயத்துக்குப் பின்னால் முருங்கை நின்றது, பசலை படர்ந்தது, மரவள்ளி இருந்தது. மாடிவீட்டில் ஒரு தொட்டிச் செடிக்கே இடமில்லை. காலையில் டின் பால் ஊற்றிய தேத்தண்ணியும் ரொட்டியும், இரவில் மேகி மீ. மலிவாகவும் சீக்கிரமாகவும் கிடைப்பது அதுதான் என்கிறபோது அந்தத் தாயைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. இந்நாட்டில் 1996-இல் நூறு பெரியவர்களில் நான்கு பேருக்குச் சற்று மேல் உடல் பருமன் இருந்தது. 2023-இல் அது ஏறத்தாழ 22 பேர். 27 வருடத்தில் ஒரு ஜனமே சோம்பேறியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நாம் நம்பத் தயாரில்லை. மாறியது கூலியும், கடையும், தட்டும்.

அதற்காகப் பாக்டீரியா ஒன்றே காரணம் என்றும் நாம் சொல்ல வரவில்லை. பரம்பரை, தூக்கமின்மை, சீனி, எல்லாமே சேர்ந்ததுதான். ஒல்லியானவரின் பாக்டீரியாவைப் பருமனானவர்களுக்குக் கொடுத்துச் சில நாடுகளில் சோதித்தார்கள். அவர்கள் எடை சொல்லும்படியாகக் குறையவில்லை. எலிக்கு நடந்தது மனிதனுக்கு அப்படியே நடக்காது. ஆகவே "வயித்துல நல்ல கிருமி வளர்க்கும், ஒரே மாசத்துல பத்துக் கிலோ எறங்கும்" என்று சம்பள நாளாகப் பார்த்துக் காரில் வந்து மாவு டப்பா விற்கிறவர்களிடம் காசைக் கொடுத்து ஏமாறாதீர்கள். அந்தப் பணத்துக்கு ஒரு மாதப் பயறு வாங்கலாம்.

இன்னொன்று. சாதாரணச் சளிக்கெல்லாம் ஆண்டிபயாடிக் கேட்டு டிரசரிடம் சண்டை போடுகிறவர்கள் உண்டு. சளி வைரஸால் வருவது, அந்த மாத்திரை அதற்குக் கேட்காது. குடலில் இருக்கும் நல்லதையும் சேர்த்துத்தான் அது கொல்லும். கோழியும் பன்றியும் சீக்கிரம் எடை போடவேண்டும் என்று 1950-களிலிருந்தே பல நாடுகளில் தீனியோடு ஆண்டிபயாடிக் கலந்தார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். டாக்டர் அவசியம் என்று கொடுத்தால் முழுவதும் சாப்பிடுங்கள். நாமாகக் கேட்டு வாங்க வேண்டாம்.

சரி, என்ன சாப்பிடுவது? பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, பயத்தங்காய், முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, கேழ்வரகுக் கூழ், பக்கத்துக் கம்பத்தில் விற்கும் தெம்பே. நம் பாட்டிமார் காட்டுக்குக் கொண்டுபோன பழைய சோற்றிலும் மோரிலும் உயிருள்ள பாக்டீரியா இருந்தது. டின் பாலையும் சீனியையும் பாதியாக்குங்கள். பயறை ஒரே நாளில் அள்ளிப் போட்டால் வயிறு உப்பி வாயு பிடிக்கும், வீட்டில் எல்லாரும் நம்மைத்தான் திட்டுவார்கள். முதல் வாரம் ஒரு கைப்பிடி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். இனிப்பு நீருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சாப்பாட்டை மாற்றுமுன் கிளினிக்கில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.