நிலைத்த பதிப்பும் சோதனைப் பதிப்பும்

கணினியை ஆளும் இயங்குதளங்களுள் ஒன்றாகிய டெபியன் 1993இல் இயன் மேர்டொக்கினால் தொடங்கப்பெற்றது. அதன் புதுமைகள் முதலில் 'சிட்' எனும் நிலையாப் பதிப்பிற் புகும். 'ரோய் ஸ்ரோரி' திரைப்படத்தில் விளையாட்டுப் பொருள்களை உடைக்கும் சிறுவனின் பெயர் அது! கடும் வழு வெளிப்படாவிடின் அவை சில நாள்களிற் சோதனைப் பதிப்பை அடையும். ஏறத்தாழ ஈராண்டுக்கொருமுறை, அதனுட் புதியன புகாது தடுத்து, வழு களைந்து, நிலைத்த பதிப்பாக வெளியிடுவர்; 13ஆம் பதிப்பு 2025 ஓகஸ்டில் வந்தது.

நிலைத்தது எனின் வழுவற்றது என்பதன்று, மாறாதது என்பதே பொருள். பாதுகாப்புத் திருத்தங்களும் கடும் வழுக்களின் திருத்தங்களுமே அதனுட் சேரும். சோதனைப் பதிப்புக்கோ அவை சிலபோது பிந்தியே கிட்டும். புதியதே காவல் மிக்கதென்போர் இதனை மறந்தனர் போலும். ஆதலின் மாணவர் புள்ளிகளைப் பேணும் பாடசாலைக் கணினிக்கு நிலைத்த பதிப்பே தக்கது. சோதனைப் பதிப்பு, வழுக்கண்டு அறிவிக்க விழைவோருக்கு உரியது.