பெரிய எழுத்தெல்லாம் தலைப்பல்ல

ஹட்டனிலோ தலவாக்கலையிலோ உள்ள ஒரு தேயிலை பெக்டரியிலிருந்து கொழும்புக்கு இறங்கும் காகிதச் சாக்கின் மேல் தோட்டத்தின் பெயர், தரம், நிறை, இன்வொய்ஸ் இலக்கம் எல்லாம் அச்சாகியிருக்கும். 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் 2020இல் கணினித் திரைக்கு மாறியது. சாக்கின் மேலுள்ள விவரம் மாறவில்லை. வாங்க வருபவர் எல்லாச் சாக்கையும் பிரித்துக் கொட்டிப் பார்ப்பதில்லை. பட்டியலில் பெயரையும் தரத்தையும் பார்க்கிறார், வேண்டியதன் மாதிரியை ருசி பார்க்கிறார். மேலே பி.ஓ.பி. தரம் என்று எழுதி உள்ளே டஸ்ட் தரம் இருந்தால் முதல் மிடறிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

இணையப் பக்கங்களில் இந்த வேலையைச் செய்பவைதான் தலைப்புக் குறிகள். எச்1 முதல் எச்6 வரை ஆறு படிகள். பக்கம் எதைப் பற்றியது என்பதை எச்1 சொல்லும். அதன் பெரும்பிரிவுகளை எச்2, அவற்றின் உட்பிரிவுகளை எச்3 சொல்லும். எச்4க்குக் கீழே போகும் தேவை பலருக்கு வருவதேயில்லை. எழுத்தைப் பெரிதாக்கித் தடித்த கறுப்பில் போட்டால் மனிதக் கண்ணுக்கு அது தலைப்பு. குறி இல்லையென்றால் அந்தப் பக்கத்தைப் படிக்கும் இயந்திரத்துக்கு அது இன்னொரு வரி, அவ்வளவுதான்.

இந்த ஆறு படிகளும் கூகுளுக்காகப் பிறந்தவை அல்ல. செர்ன் ஆய்வகத்தில் டிம் பேர்னர்ஸ்-லீ 1991 ஒக்டோபரில் வெளியிட்ட, இணையப் பக்கங்களை எழுதும் எச்.டி.எம்.எல். குறிகளின் முதல் பட்டியலிலேயே அவை இருந்தன. ஆய்வகத்தில் ஆவணங்கள் எழுத ஏற்கெனவே புழங்கிய ஒரு குறிமுறையிலிருந்து அவர் அவற்றை எடுத்துக்கொண்டார். அதே ஒக்டோபரில்தான், பல மொழிகளின் எழுத்துகளுக்கும் பொதுவான குறியெண் தரும் யூனிகோட்டின் முதல் பதிப்பும் வந்தது. அதில் தமிழும் இருந்தது.

ஏழு வருடம் கழித்து, 1998இல், சேர்ஜி பிரின்னும் லரி பேஜும் தங்கள் தேடுபொறியான கூகுள் இயங்கும் விதத்தை ஓர் ஆய்வுக் கட்டுரையில் விவரித்தார்கள். பக்கத்தில் ஒரு சொல் வரும் ஒவ்வோர் இடத்தையும் 16 பிட்களுக்குள் அடக்கினார்கள். சொல் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பதற்கு 12 பிட், சுற்றியுள்ளவற்றோடு ஒப்பிட்டால் எழுத்து எவ்வளவு பெரிது என்பதற்கு 3 பிட், ஆங்கிலப் பெரிய எழுத்தா என்பதற்கு 1 பிட். (அந்தக் கடைசி பிட்டால் தமிழுக்கு ஒரு பயனும் இல்லை.) பெரிய எழுத்தில் வரும் சொல்லுக்கு மதிப்புக் கூட என்ற கணக்கு அன்றே இருந்தது.

கணக்கு இருந்தால் அதை ஏமாற்றும் வழியும் வரும். ஒரே சொல்லைத் தலைப்புக்குள் பத்துத் தடவை திணித்தார்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஊர்ப்பெயர்களை ஒளித்து வைத்தார்கள். இன்று இவை தேடுபொறிகள் தண்டிக்கும் தந்திரங்கள். ஆனாலும், 'எச்1 சரியாகப் போட்டால் முதல் இடம் நிச்சயம்' என்று காசு வாங்குபவர்கள் ஓயவில்லை. கூகுளின் சொந்த வழிகாட்டியோ வேறு விதமாகப் பேசுகிறது: தலைப்புகள் வரிசை தப்பி நின்றாலும் தேடலைப் பொறுத்தவரை அது பெரிய விஷயமில்லை, இத்தனை தலைப்பு இருக்க வேண்டும் என்ற எண்ணிக்கையும் இல்லை. தலைப்பு செய்வது ஒன்றுதான்: கீழே உள்ள பத்தி எதைப் பற்றியது என்பதை ஐயமில்லாமல் சொல்வது. 2021 ஓகஸ்ட் முதல், தேடல் முடிவில் காட்டும் பெயரையே சில வேளை பக்கத்தின் எச்1இலிருந்து கூகுள் எடுத்துக்கொள்கிறது.

வரிசை முக்கியமாவது பார்வையற்றவர்களுக்கு. என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருளில் எச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவலாம். 2ஐத் தட்டினால் அடுத்த எச்2. குறியிட்ட தலைப்பு இல்லாத நீண்ட பக்கத்தில் அவர்கள் பெரும்பாலும் முதல் வரியிலிருந்து எல்லாவற்றையும் கேட்க வேண்டியிருக்கும்.

இனி மலையகத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் நுவரெலியா என்று தேடினால் ஹோட்டல்களும் பங்களாக்களும் வரிசைகட்டி நிற்கும். அந்தப் பக்கங்களை எழுதியவர்கள் பயணி என்ன கேட்பார் என்று யோசித்துத் தலைப்பிட்டிருக்கிறார்கள். அதே மலையில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் 50 வயதில் ஊழியர் சேமலாப நிதியை எடுக்க வேண்டும். அவருடைய மகன் கைத்தொலைபேசியில் தேடுகிறான். தொழிலாளியின் பங்கு 8 வீதம், தோட்டத்தின் பங்கு 12 வீதம் என்பது அவனுக்குத் தெரியும். தெரியாதது, தோட்டத்தின் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறு பெயரும் இருந்தால் என்ன செய்வது என்பது. தோட்டங்களில் இது பழைய தலைவலி. இதை விளக்கி ஒருவர் எழுதினால், 'ஊழியர் சேமலாப நிதியை மீளப் பெறுவது எப்படி' என்பதை எச்1 ஆக்கலாம். 'எந்த ஆவணங்கள் வேண்டும்', 'ஆவணங்களில் பெயர் வேறுபட்டிருந்தால்' என்பவை எச்2. 'உழைப்பவர் குரல் ஓங்கட்டும்' என்று மேலே போட்டால் மேடைக்கு நன்றாக இருக்கும், அந்தப் பையன் கண்ணில் படாது.

ஆனால் மலையகத்து விஷயம் பெரும்பாலும் தலைப்புப் பிரச்சினைக்கு முன்னாலேயே தடுக்கி விழுகிறது. அறிவித்தலை அழகான படமாக்கி முகநூலில் போடுகிறோம். படத்துக்குள் இருக்கும் எழுத்துக்கு எந்தக் குறியும் இட முடியாது. பழைய பக்கங்கள் பல பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளின் குறியெண்கள்தான். அதற்கு எச்1 போட்டாலும் தேடுபொறிக்குப் புரியாத கிறுக்கலே மிஞ்சும். யூனிகோட்டுக்கு மாற்றுவது முதல் வேலை, தலைப்பு அதற்குப் பிறகு.

சரியாகச் செய்திருப்பதற்கும் நம்மிடம் உதாரணம் உண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம், விக்கிப்பீடியா இயங்கும் அதே மீடியாவிக்கி மென்பொருளில் இயங்குகிறது. அதில் பக்கத்தின் பெயர் தானாகவே எச்1 ஆகிவிடும். ஒரு நூலின் பக்கத்தில் 'வாசிக்க', 'உள்ளடக்கம்' என்பவையும் உரிய குறியோடு துணைத்தலைப்புகளாக நிற்கும். பதிவேற்றுபவருக்குத் தேடுபொறி பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

தமிழில் எழுதுபவருக்கு இன்னொரு கவனம் வேண்டும். ஹட்டனில், ஹட்டனுக்கு, ஹட்டனிலிருந்து என்று வேற்றுமை உருபு ஒட்ட ஒட்ட ஊர்ப்பெயரின் உருவம் மாறிக்கொண்டே போகும். பத்திக்குள் அது எப்படியும் வரட்டும், தலைப்பில் ஒரு தடவையாவது ஹட்டன் என்றே நிற்கட்டும். அட்டன் என்று தேடுபவர்களும் உண்டு. அவர்களுக்காக அந்த வடிவத்தை எச்1க்குள் அடைக்க வேண்டாம், முதல் பத்தியில் ஒரு முறை இயல்பாக வந்தால் போதும்.