முதல் ஆயிரம் நாட்கள் – 14: அறிவுரை சொல்லாத தீதி

கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் கூடவே ஓர் அறிவுரையும் நுழைந்துவிடும். மாமியார் ஒன்று சொல்வார். எதிர்வீட்டுப் பெரியம்மா அதற்கு நேர்மாறாக ஒன்று சொல்வார். எடை பார்க்க வரும் அங்கன்வாடி ஊழியர் இரண்டையும் தள்ளிவிட்டு மூன்றாவதாக ஒன்று சொல்வார். இளம் தாய் எல்லாருக்கும் தலையாட்டுவாள். அவர்கள் படி இறங்கியதும் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

குழந்தையோடு பேசுவதும் விளையாடுவதும் அதன் மூளை வளர்ச்சிக்கு எவ்வளவு முக்கியம் என்று சென்ற வாரம் பார்த்தோம். அந்தச் செய்தியைக் கிராமத்து வீடுகளுக்கு யார் கொண்டுபோவது, எப்படிக் கொண்டுபோவது என்பது இந்த வாரக் கேள்வி. இன்னோர் அறிவுரையாகக் கொண்டுபோனால் அது நான்காவது தலையாட்டலோடு முடிந்துவிடும்.

அந்தச் செய்தியின் சாரம் எளிது: குழந்தை காட்டும் குறிப்பைக் கவனிப்பது, அதைச் சரியாகப் புரிந்துகொள்வது, காலம் தாழ்த்தாமல் அதற்கேற்றபடி நடந்துகொள்வது – நுண்ணுணர்வுள்ள வளர்ப்பு என்று உளவியலாளர்கள் சொல்வது இவ்வளவுதான். இந்தக் கருத்துக்கு வடிவம் கொடுத்த மேரி ஐன்ஸ்வொர்த் தன் வேலையை ஆய்வுக்கூடத்தில் தொடங்கவில்லை. 1954-55இல் உகாண்டாவின் கம்பாலா நகரை ஒட்டிய கிராமங்களில், 26 குடும்பங்களின் வீடுகளுக்குப் போய், தாய்மாரையும் குழந்தைகளையும் பார்த்துப் பார்த்துக் குறித்துவைத்தார். கிராமத்துத் தாய்க்கு நகரத்து நிபுணர் ஊட்டிவிடும் பாடம் இது என்று நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. நிபுணர் முதலில் பாடம் படித்ததே கிராமத்துத் தாய்மாரிடம்தான்.

அப்படியானால் வீடு தேடிப் போகும் பணியாளர் எதற்கு? வயல் வேலை, தண்ணீர், விறகு, மூத்த பிள்ளை என்று நாள் முழுக்க ஓடுகிறவளுக்குக் குழந்தையின் முகத்தைப் பார்த்து உட்கார நேரம் இல்லை. பேச்சு வராத குழந்தையிடம் பேசி என்ன பயன் என்ற எண்ணம் பல வீடுகளில் இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு மனம் சோர்ந்து கிடக்கும் தாய்மார்களும் இருக்கிறார்கள். இவர்களுக்குத் தேவை பக்கத்தில் உட்கார ஒரு துணை. குறை கண்டுபிடிக்க இன்னோர் ஆள் அல்ல.

இந்தத் துணையை முறையாகச் செய்துபார்த்த இடம் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரம். 1986-87இல் ஆய்வாளர் சாலி கிரந்தம்-மெக்ரிகரும் அவருடைய குழுவினரும், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 ஏழைக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சமூகச் சுகாதார உதவியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டுகள் போய், தாயையும் குழந்தையையும் சேர்ந்து விளையாட வைத்தார்கள். அந்தக் குழந்தைகள் 22 வயதை எட்டியபோது, இந்தத் துணை கிடைக்காத ஒத்த நிலையினரைவிட அவர்களின் சம்பாத்தியம் சுமார் 25 சதவீதம் கூடுதலாக இருந்தது.

அதே முறையை நம் நாட்டுக்கு ஏற்ப மாற்றி, ஒடிசாவின் 192 கிராமங்களில் பிரதம் என்ற தொண்டு அமைப்போடு சேர்ந்து செய்துபார்த்தார்கள். உள்ளூர்ப் பெண்களே பணியாளர்கள். சில கிராமங்களில் அவர்கள் வாராவாரம் வீடு தேடிப் போனார்கள். சில கிராமங்களில் தாய்மார்களைச் சிறு குழுவாக ஓரிடத்தில் கூட்டினார்கள். 2020இல் வெளிவந்த முடிவு பலரை வியக்க வைத்தது. இரண்டு வழியிலும் குழந்தைகளின் அறிவு வளர்ச்சி ஏறக்குறைய ஒரே அளவுக்கு உயர்ந்திருந்தது. குழுவுக்கான செலவோ, வீடு வீடாகப் போவதற்கு ஆனதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஒரு சந்திப்பு எப்படி நடக்கும்? போன வாரம் விட்டுவந்த பொம்மையை வைத்துக் குழந்தை என்ன செய்தது என்று தீதி, அதாவது அக்கா என்று அழைக்கப்படும் பணியாளர், முதலில் கேட்பார். ஒரு பாட்டு. பிறகு புதிய விளையாட்டு ஒன்றைச் செய்து காட்டுவார். பொருட்கள் எல்லாம் கைக்கு எட்டுபவைதான்: காலி பிளாஸ்டிக் பாட்டிலில் செய்த கிலுகிலுப்பை, துணிப் பொம்மை, மரக்கட்டைகள், படப் புத்தகம். அடுத்து வருவதுதான் இந்த முறையின் உயிர்நாடி. பொம்மையைத் தாயின் கையில் கொடுத்துவிட்டு, தீதி விலகி உட்கார வேண்டும். தாய் விளையாடுவதைப் பார்த்து, நன்றாக அமைந்த ஒன்றைக் குறிப்பாக எடுத்துச் சொல்ல வேண்டும். 'நீ பேரைச் சொன்னதும் எப்படித் திரும்பிப் பார்த்தான் பாரும்மா' என்பது போல. பொம்மை அடுத்த வாரம் வரை அந்த வீட்டிலேயே இருக்கும்.

விலகி உட்காருவது சொல்வதற்கு எளிது. குழந்தையைத் தன் மடியில் வாங்கித் தானே விளையாட்டுக் காட்டிவிடத்தான் ஆர்வமுள்ள எந்தப் பணியாளருக்கும் கை பரபரக்கும். குழந்தையும் சிரிக்கும். ஆனால் தாய் அங்கே வேடிக்கை பார்ப்பவளாகிவிடுகிறாள். பணியாளர் ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுவார். மீதி நேரமெல்லாம் குழந்தை தாயோடும் பாட்டியோடும்தான்.

விலகி உட்காரும் பழக்கம் கையேட்டைப் படித்து வராது. அதனால்தான் பயிற்சி அறையில் நடித்துப் பார்க்கிறார்கள். ஒருவர் தாய், ஒருவர் பணியாளர், இன்னொருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும் மாமியார். மற்றவர்கள் கவனித்துச் சொல்வார்கள். அங்கே பயிற்றுநர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதுதான் உண்மையான பாடம். தவறு செய்தவரை எல்லார் முன்னாலும் அதட்டினால், அவர் அந்த அதட்டலைத்தான் ஊருக்குக் கொண்டுபோவார். நன்றாகச் செய்ததை முதலில் சொல்லி, மாற்ற வேண்டியதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மறுபடி செய்யச் சொன்னால், தாயிடமும் அப்படியே நடப்பார். தாய் அதைக் குழந்தையிடம் காட்டுவாள். மதிக்கப்படாத பணியாளரைக் கொண்டு மரியாதையான குழந்தை வளர்ப்பைப் பரப்ப முடியாது.

கிராமத்துப் பெண்களால் நுட்பமான வேலை முடியுமா என்ற சந்தேகத்துக்கு நம் நாட்டிலேயே எப்போதோ பதில் கிடைத்துவிட்டது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மருத்துவர்களான அபய் பங், ராணி பங் தம்பதி 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வீட்டிலேயே பச்சிளம் குழந்தையைப் பராமரிக்கும் அந்த முறையால் மூன்றாம் ஆண்டில் பச்சிளம் குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்ததை 1999இல் அவர்கள் வெளியிட்டார்கள். 2011இல் 'ஆஷா' எனப்படும் கிராமச் சுகாதாரப் பணியாளர்களின் வீட்டுப் பார்வைகளாக அது நாடு முழுதும் பரவியது. 2018இல் 3, 6, 9, 12, 15ஆம் மாதங்களில் மேலும் ஐந்து பார்வைகள் சேர்ந்தன. பார்வை ஒன்றுக்கு ஊக்கத்தொகை அப்போது 50 ரூபாய்.

அந்த ஐந்து பார்வைகளுக்குள் தாய்ப்பால், இணை உணவு, இரும்புச்சத்து மருந்து, தடுப்பூசி, கை கழுவுதல், ஓ.ஆர்.எஸ். எல்லாம் அடங்க வேண்டும். விளையாட்டும் பேச்சும் பட்டியலின் கடைசியில் நிற்கின்றன. 2024இல் வந்த 'நவசேதனா' திட்டம், பிறந்தது முதல் மூன்று வயது வரைக்கும் 140 செயல்பாடுகளை மாதவாரியாக வகுத்துக் கொடுத்திருக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் அதை வீடுகளுக்குக் கொண்டுபோக வேண்டிய அங்கன்வாடி ஊழியர், மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறார், சத்துணவைக் கவனிக்கிறார், 'போஷன் டிராக்கர்' செயலியிலும் விவரம் ஏற்றுகிறார்.

சுமையைக் கூட்டும் முன் நினைத்துப் பார்க்க வேண்டிய எச்சரிக்கை ஹரியானாவின் ரேவாரி மாவட்டம். 'ஸ்பிரிங்' என்ற பெயரில் அங்கே நடந்த வீட்டுப் பார்வைத் திட்டம் குழந்தைகளின் வளர்ச்சியில் மாற்றம் எதையும் காட்டவில்லை. நடைமுறைப்படுத்தியதில்தான் கோளாறு என்றார்கள் ஆய்வாளர்கள். செலவை மிச்சம் பிடிக்க, இருக்கிற பணியாளர் தலையிலேயே மேலும் வேலையை ஏற்றுவது பலன் தராது என்றும் எழுதினார்கள்.

ஆகவே பணம் போக வேண்டிய இடம் பளபளப்பான கையேடு அல்ல. பணியாளரோடு கூடவே ஊருக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, திரும்பும் வழியில் பேசுகிற மேற்பார்வையாளர் வேண்டும். வாரச் சந்திப்பின் ஒரு மணி நேரத்துக்காகப் பணியாளரின் பதிவேடுகளில் இரண்டைக் குறைக்க வேண்டும். ஒடிசாவின் குழுக் கூட்டம் குறைந்த செலவில் பலன் தந்திருப்பதால், அதை அங்கன்வாடிகளில் தொடங்கிப் பார்க்கத் தடையேதும் இல்லை.

தாய் வயலில் நிற்கும் எட்டு மணி நேரத்தில் குழந்தையோடு யார் விளையாடுவது? சத்தீஸ்கரின் 'புல்வாரி' காப்பகங்களில் தாய்மார்களே முறை வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட கதை அடுத்த வாரம்.

(தொடரும்)