ஒரு கறவை மாடு, நான்கு சிலிண்டர், மூன்றரை மூட்டை யூரியா

கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் ஊத்தங்கரையைத் தாண்டினால் சிங்காரப்பேட்டை. வடகிழக்கே ஜவ்வாது மலை. எதிர்த்திசையில் போச்சம்பள்ளி, பர்கூர், அதற்கும் அப்பால் ஓசூர் என்று தொழிற்சாலைகள். வீட்டில் ஒருவர் ஷிஃப்ட் வண்டி ஏறிப் போக, இன்னொருவர், பெரும்பாலும் வீட்டுப் பெண், இரண்டு மாட்டை வைத்துக்கொண்டு காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுவது இந்தப் பக்கத்தில் சாதாரணம். அந்த இரண்டில் ஒரு மாட்டை மட்டும் எடுத்து ஒரு கணக்குப் போடலாம்.

கறவையில் இருக்கும் மாடு ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 200 லிட்டர் மீத்தேன் வாயுவை வெளியே விடுகிறது. இது பெங்களூரு ஆடுகோடியில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் சொல்லும் அளவு. ஆண்டுக்கு 73,000 லிட்டர் ஆகிறது. அதை அடைத்து அடுப்பில் எரிக்க முடிந்தால் கிடைக்கும் வெப்பம் ஏறக்குறைய நான்கு சமையல் சிலிண்டருக்குச் சமம். மாட்டுக்குப் போட்ட தீவனத்தில் இருந்த சக்திதான் இப்படிப் போகிறது.

இன்னொரு கணக்கு தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். பத்து லிட்டர் கறக்கும் மாடு ஈரம் கழித்து 12 கிலோ தீவனம் தின்கிறது, அதில் 13 விழுக்காடு புரதம் என்று வைத்துக்கொண்டால், உள்ளே போகும் நைட்ரஜன் சுமார் 250 கிராம். பாலில் வெளியே வருவது 50 கிராம் மட்டுமே. மிச்சம் 200 கிராம் சாணத்திலும் மூத்திரத்திலும் போகிறது. ஓராண்டுக்குச் சேர்த்தால் 73 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருக்கும் நைட்ரஜன் 21 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆக மூன்றரை மூட்டை. மானியத்தில் மூட்டை 266 ரூபாய் 50 காசு என்பதால் இது பெரிய பணமாகத் தெரியாது. ஆனால் இந்த நைட்ரஜன் வீட்டுக்குள் வந்தது யூரியா விலையில் இல்லை, புண்ணாக்கு விலையில்.

சிலிண்டரும் மூட்டையும் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகளாகத்தான் பேசப்படுகின்றன. ஒன்று பருவநிலை மாநாடுகளில், மற்றது உரக்கடையில். மாட்டின் வயிற்றில் இரண்டும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன.

மாட்டின் முதல் வயிறு ஒரு பெரிய ஊறல் தொட்டி. அங்கே புல்லைச் செரிப்பது மாடு அல்ல, கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள். நார்ச்சத்தை அவை உடைக்கும்போது அசெட்டேட் என்ற அமிலமும் கூடவே ஹைட்ரஜனும் வருகின்றன. ஹைட்ரஜன் தேங்கினால் செரிமானமே நின்றுபோகும். அதை அப்புறப்படுத்த வேறொரு வகை நுண்ணுயிர் இருக்கிறது. அது ஹைட்ரஜனைக் கரியமில வாயுவோடு சேர்த்து மீத்தேனாக்குகிறது. மாடு அதை ஏப்பமாக விட்டுவிடுகிறது. பின்பக்கமாகப் போவதாகப் பலர் நினைப்பது தவறு. கிட்டத்தட்ட எல்லாமே வாய் வழிதான். வெளியே போன மீத்தேன் வானத்தில் பன்னிரண்டு ஆண்டு அளவில்தான் தங்கும். தங்கும் காலத்தில் பிடிக்கும் சூட்டை நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை கரியமில வாயுவைப் போல 27 மடங்கு.

மாவுச்சத்து அதிகமாகப் போனால் கதை மாறும். அப்போது உருவாகும் புரோப்பியோனேட் என்ற அமிலம் ஹைட்ரஜனைத் தானே எடுத்துக்கொள்ளும், மீத்தேன் குறையும்.

நைட்ரஜனுக்கும் அதே தொட்டிதான் வாசல். தீவனப் புரதம் அங்கே அம்மோனியாவாக உடைகிறது. நுண்ணுயிரிகள் அதை எடுத்துத் தங்கள் உடம்பாக்கிக்கொள்கின்றன, பின்னால் மாடு அவற்றையே செரித்துப் புரதம் பெறுகிறது. இதற்கு நுண்ணுயிரிக்குச் சக்தியும் அதே நேரத்தில் கிடைக்க வேண்டும். சக்தி போதாமல் அம்மோனியா மட்டும் நிறைந்தால், அது ரத்தத்தில் ஏறி, ஈரலில் யூரியாவாகி, மூத்திரத்தில் இறங்கிவிடும். விடிகாலையில் கொட்டகைப் படுதாவைத் தூக்கும்போது கண்ணைக் கரிக்கும் நெடி அந்தப் புண்ணாக்கின் மிச்சம்தான்.

இனி சிங்காரப்பேட்டை மாடு என்ன தின்கிறது என்று பார்க்கலாம். மேய்ச்சல் நிலம் என்று வேலி போட்டுப் பராமரிக்கும் புல்வெளி இங்கே கிடையாது. அறுவடை முடிந்த வயல், ஏரிக்கரை, மாந்தோப்பின் அடிப்புல், சாலையோரம், மலையடிவாரப் புதர்க்காடு, இவைதான் மேய்ச்சல். மாவட்டத்தின் ஆண்டு மழை 850 மில்லிமீட்டரை ஒட்டி வரும். அதுவும் சீராக வருவதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையேறிய பிறகு ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பதிவானது. ஆக, மழைக்குப் பின் சில மாதம் பச்சை, தையிலிருந்து மெல்லக் காய்ந்து, சித்திரை வைகாசியில் வைக்கோலும் கேழ்வரகுத் தாளும் மட்டும்.

வைக்கோலில் புரதம் மூன்று நான்கு விழுக்காடுதான். தீவனத்தில் ஏழு விழுக்காட்டுக்குக் கீழே புரதம் இறங்கினால் முதல் வயிற்று நுண்ணுயிரிகளே பட்டினி கிடக்கும். நார் மெதுவாகத்தான் உடையும், மாடு குறைவாகத்தான் தின்னும், பால் இறங்கும். ஆனால் உயிரோடு நிற்க வேண்டிய செலவு குறையாது, ஏப்பமும் நிற்காது. நான்கு லிட்டர் கறக்கும் மாட்டின் ஒவ்வொரு லிட்டருக்கும் பின்னால் இருக்கும் மீத்தேன், பத்து லிட்டர் கறக்கும் மாட்டைவிட அதிகம். அதனால் மாட்டுக்கு எவ்வளவு வாயு என்று கேட்பதைவிட லிட்டருக்கு எவ்வளவு என்று கேட்பதே இந்த ஊருக்குப் பொருத்தமான கேள்வி. மீத்தேன் பேச்சு எடுத்தாலே மாட்டின் எண்ணிக்கையைக் குறை என்று சொல்பவர்களுக்கு இந்த வேறுபாடு பிடிபடுவதில்லை.

மறுபக்கத் தவறும் உண்டு. வைக்கோலின் குறையை ஈடுகட்டப் புண்ணாக்கை ஒரே வேளையில் அள்ளிப் போடுவது, மழை விட்டதும் முளைக்கும் தளதளப்பான இளம்புல்லில் மாட்டை நாள் முழுக்க விடுவது. அம்மோனியா ஒரேயடியாக ஏறி, பாதி வீணாகும். கோடையில் தழைச்சத்துப் பஞ்சம், மழைக்குப் பின் தழைச்சத்து வெள்ளம் என்று மாடு இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறது. இந்த மேட்டையும் பள்ளத்தையும் சமப்படுத்துவதுதான் மேய்ச்சல் மேலாண்மை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

வெப்பநாட்டுப் புல்லின் சுபாவம் இங்கே குறுக்கே நிற்கிறது. வெயிலில் மளமளவென்று வளரும், அதே வேகத்தில் முற்றும். உலகெங்கும் நடந்த சோதனைகளைத் தொகுத்து 2011-ல் வெளியான ஆய்வு ஒன்று, வெப்பநாட்டுப் புல் தின்னும் மாடும் ஆடும் குளிர்நாட்டுப் புல் தின்பவற்றைவிட, தின்ற அளவுக்குச் சுமார் 17 விழுக்காடு கூடுதலாக மீத்தேன் விடுவதாகச் சொன்னது. ஆகவே அறுக்கும் நாள் முக்கியமாகிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ-4 கம்பு நேப்பியரை நட்டு 75 முதல் 80 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒருமுறை என்பது பரிந்துரை. நடப்பில் என்ன ஆகிறது? ஆள் உயரம் தாண்டட்டும், கட்டு கனமாக வரும் என்று அறுபது எழுபது நாள் விடுகிறார்கள். கட்டு கனக்கத்தான் செய்யும். மறுநாள் காலையில் தொட்டியைப் பார்த்தால் தெரியும்: இலையெல்லாம் போய், விரல் தடிமனில் தண்டு மட்டும் கிடக்கும். அடியில் பழுத்த இலை, உள்ளே மரத்துப்போன கணு. தின்ற பங்கிலும் நார்தான் அதிகம்.

இன்னொரு பழக்கம், புல் வேகமாக வர யூரியாவை அள்ளி வீசுவது. தழைச்சத்து மிஞ்சினால் புல்லில் நைட்ரேட் சேர்ந்து மாட்டுக்கே நஞ்சாகும். இளஞ்சோளப் பயிர், அதுவும் வறட்சியில் வாடியது, மாட்டைக் கொல்லும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அந்த நஞ்சையும் மிகை உரம் கூட்டும்.

மேய விடும் நிலத்துக்கும் இதே தர்க்கம்தான். பிரேசிலில் மொம்பாசா என்ற கினியாப் புல் வகையை ஆராய்ந்தவர்கள், புல் 90 சென்டிமீட்டர் உயரம் வரும்போது வெயிலில் 95 விழுக்காட்டை இலைகளே பிடித்துவிடுகின்றன, அதற்கு மேல் வளர்வது தண்டும் சருகுமே என்று கண்டார்கள். அந்த உயரத்தில் மாட்டை விட்டு, பாதி மேய்ந்ததும் வெளியே ஓட்டிவிட வேண்டும். நம் பக்கத்தில் காங்கேயத்தில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவர்கள் அளவுகோல் இல்லாமல் இதைச் செய்து வந்தவர்கள். முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். காட்டுக்குக் காடு மாட்டை மாற்றுவதால் புல்லுக்கு ஓய்வு கிடைக்கிறது. சிங்காரப்பேட்டையின் பொது நிலத்தில் இது நடக்காது. ஒருவர் மாட்டை நிறுத்தினால் பக்கத்து வீட்டு மாடு மேயும்.

எனக்கு அதிக நம்பிக்கை இருப்பது பயறு வகைத் தீவனத்தில். அதே 2011 தொகுப்பாய்வில், வெப்பநாட்டுப் புல்லைவிடப் பயறு வகைச் செடிகள் தின்னும் கால்நடைகள் விடும் மீத்தேன் கணிசமாகக் குறைவு. புரதம் இருப்பதால் தழைச்சத்துப் பஞ்சமும் தீரும். அவற்றில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் புரதத்தைக் கொஞ்சம் கட்டிப்பிடித்து வைப்பதால், அம்மோனியா ஒரேயடியாகப் பெருகாமல் மூத்திரத்தில் போவதும் குறையும். கேழ்வரகில் அவரையையும் மொச்சையையும் சால் விட்டுப் போடும் இந்த மேட்டுநிலப் பழக்கம் தாளோடு கொடியையும் தொட்டிக்குக் கொண்டுவந்தது. கடலைக்கொடியும் கொள்ளுப்பொட்டும் அந்த ரகமே.

சவுண்டல் எனப்படும் சூபாபுல் இலையும் நல்ல தீவனம், ஒரு சிக்கலோடு. அதிலுள்ள மிமோசின் அளவுக்கு மீறினால் மாட்டுக்கு முடி கொட்டும், கழுத்துக் கழலை வரும். ஆஸ்திரேலியாவில் இந்தத் தொல்லை இருந்தது. ஹவாய்த் தீவு ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கவனித்தவர் ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி. அந்த ஆடுகளின் வயிற்று நுண்ணுயிரியை 1980-களில் கொண்டுபோய் ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்குள் செலுத்தினார்கள், நஞ்சு முறிந்தது. அந்தப் பாக்டீரியாவின் பெயரில் ஜோன்ஸும் இருக்கிறார். நம் விவசாயிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, மொத்தத் தீவனத்தில் கால் பங்குக்கு மேல் போடாமல் இருந்தால் போதும்.

டானினைத் தனியே எடுத்துப் பயன்படுத்தும் வேலையைத்தான் ஆடுகோடி நிறுவனம் செய்தது. 2021-ல் பரவலாகப் பேசப்பட்ட ‘ஹரித் தாரா’ டானின் நிறைந்த தாவரப் பொருள்களாலான தீவனச் சேர்க்கை. மீத்தேனை 17 முதல் 20 விழுக்காடு குறைக்கிறது என்கிறது நிறுவனம். அவர்களது இன்னொரு தயாரிப்பின் பெயர் ‘டாமரின் பிளஸ்’, மூலப்பொருள் புளியங்கொட்டைத் தோல். சாலையோரமெல்லாம் புளியமரம் நிற்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இது அந்நியச் சரக்கே இல்லை. ஆனாலும் டானின் மிகுந்தால் செரிமானம் கெடும் என்பதால், கொட்டைத் தோலை அப்படியே இடித்துத் தொட்டியில் கொட்டும் யோசனை வேண்டாம்.

விலைப் பட்டியலை விட்டுவிட்டு இதைப் பேசினால் அரைகுறைதான். சொசைட்டியில் ஃபேட் எனும் கொழுப்பு, எஸ்.என்.எஃப். எனும் கொழுப்பல்லாத திடப்பொருள் பார்த்துத்தான் காசு. நார் தின்னும்போது வரும் அசெட்டேட்தான் பாலில் கொழுப்பாகிறது. மீத்தேனுக்கு வழிவிடும் அதே பாதை. மாவுத் தீவனத்தைக் கூட்டி நாரைக் குறைத்தால் ஏப்பம் குறையலாம், ஃபேட்டும் இறங்கும், ரேட்டும் இறங்கும். தட்டு போட்டால்தான் ஃபேட் நிற்கும் என்று வீட்டுப் பெண்கள் சொல்வதில் முழு அறிவியல் இருக்கிறது. எனவே மேலைநாட்டுப் பண்ணைகளைப் போல மக்காச்சோளத்தை அள்ளிப் போடும் வழி இங்கே எடுபடாது. பதமான வயதில் அறுத்த புல், அதோடு பயறு வகை என்பதே ஃபேட்டையும் கெடுக்காமல் லிட்டருக்கான மீத்தேனையும் இறக்கும் வழி.

வெளியே போன நைட்ரஜனின் பயணம் தனிக்கதை. மூத்திரம் விழுந்த இடத்தில் அம்மோனியா பறக்கும், மண்ணில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகும். எடைக்கு எடை அது கரியமில வாயுவைப் போல 273 மடங்கு சூட்டைப் பிடிக்கும். தென்னமெரிக்க மேய்ச்சல் நிலங்களில் வளரும் ஒரு பிராக்கியேரியா புல் இந்த மாற்றத்தைத் தன் வேர்ச்சாறால் தடுக்கிறது என்று ஜப்பானிய ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த குண்டூர் சுப்பாராவ் குழு 2009-ல் நிறுவியது. நம் கொட்டகைக்கு எளிய வழி, தரையில் கூளம் பரப்பி மூத்திரத்தை உறிஞ்சவிட்டு, அதை எருக்குழியில் சேர்த்து மூடி வைப்பது.

2021 கிளாஸ்கோ மாநாட்டில் மீத்தேனை 2030-க்குள் 30 விழுக்காடு குறைக்கும் உறுதிமொழி வந்தபோது இந்தியா கையெழுத்திடவில்லை. இரண்டு மாடு வைத்திருப்பவர் மீது அந்தச் சுமையை ஏற்ற முடியாது என்பது நியாயமான வாதம். டென்மார்க் 2030 முதல் கால்நடை வாயுவுக்கு வரி போடப்போகிறது. அதை இங்கே நினைத்துப் பார்க்கவும் முடியாது. ஆனால் சிங்காரப்பேட்டையில் மீத்தேனைக் குறைப்பவருக்கு வரியும் மானியமும் இல்லாமலே, தீவனச் செலவில் கொஞ்சம் மிஞ்சும்.

கையில் அரை ஏக்கர் பாசனம் இருப்பவர் செய்யக்கூடியது, மூன்று வரிசை கம்பு நேப்பியருக்கு ஒரு வரிசை வேலிமசால். இரண்டையும் சேர்த்தே அறுத்துப் போடலாம். வேலிமசால் விதையின் தோல் கடினம், அப்படியே விதைத்தால் முளைக்கத் தகராறு செய்யும். கொதித்து இறக்கிய வெந்நீரில் சில நிமிடம் போட்டு, பிறகு ஓரிரவு பச்சைத்தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். தண்ணீர் இல்லாத மானாவாரிக்காரருக்குக் கொழுக்கட்டைப் புல்லும் முயல்மசாலும். அதுவும் இல்லாதவருக்குக் கோடையில் நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைக்கும் பழைய முறை. பிரித்ததும் சிறிது நேரம் ஆறவிட்ட பிறகே மாட்டுக்குப் போட வேண்டும். கன்றுக்குட்டிக்குக் கூடாது.